சக்கர நாற்காலி விழா நடத்தக் கிளம்பும் முன்

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் மாற்றுத்திறனாளிகளுக்காக வேலை செய்ய வரும் இளைஞர்கள் இப்போது அதிகம். சந்தோஷம். ஆனால் எங்கள் ஆட்கள் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகளை மறுபடியும் புதுசாகச் செய்கிறார்கள். மரியாதையாகப் பேசுவது, கேட்டுவிட்டுப் படம் எடுப்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது, விட்டுவிடுகிறேன்.

அளவெடுக்காமல் நாற்காலி கொடுப்பது

இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான். ஸ்பான்சர் கிடைத்த கையோடு ஒரே அளவில் ஆர்டர் போய்விடும். மண்டபம், பேனர், பொன்னாடை. வந்து இறங்குவது ஆஸ்பத்திரி வராந்தாவில் நோயாளியைத் தள்ளிப் போகிற வகை. 18 அங்குல இருக்கை, நடுவில் தொய்ந்த ரெக்சின்.

ராயபுரத்தில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அண்ணன் ஒருவர். லாரியிலிருந்து விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஒல்லியான உடம்பு. அந்த அகல நாற்காலியில் ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருந்தார், மெத்தையும் கிடையாது. ஒரே இடத்தில் வெகுநேரம் இருந்தால் நமக்கு வலிக்கும், தன்னால் நகர்ந்துகொள்வோம். அவருக்கு வலியே தெரியாது. எலும்புக்கும் இருக்கைக்கும் நடுவே சதை நசுங்கி ரத்த ஓட்டம் நின்று, புண் ஆழமாகிவிட்டது. லுங்கியில் ஈரம் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்தார். அப்புறம் மாதக்கணக்கில் குப்புறப் படுக்கை. பெட்டிக்கடைக்குக் கொடுத்த அட்வான்சும் போச்சு. நாற்காலி கொடுத்தவர்களிடம் சொன்னால், "சேர் நல்லாத்தானே சார் இருக்கு?" என்கிறார்கள். சேர் நல்லாத்தான் இருந்தது.

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் நாற்காலி வழங்குவது எட்டுப் படிகள் கொண்ட வேலை. ஆளைப் பரிசோதிப்பது, பொருத்திப் பார்ப்பது, ஓட்டக் கற்றுக்கொடுப்பது, பிறகு போய்ப் பார்ப்பது எல்லாம் அதில் உண்டு. நம் விழாக்களில் நடப்பது ஆர்டர் போடுவது ஒன்றுதான்.

குறைந்தபட்சம் இவ்வளவாவது செய்யுங்கள். இருக்கை இடுப்பின் அகலத்துக்குப் பொருந்தட்டும். முழங்காலின் பின்புறத்துக்கும் இருக்கை விளிம்புக்கும் இடையே 3 முதல் 5 செ.மீ. இடைவெளி இருக்கட்டும். உணர்வில்லாதவருக்கு அழுத்தம் குறைக்கும் மெத்தை இல்லாமல் நாற்காலி கொடுக்கவே கூடாது. அடிக்கடி முன்னால் குனிந்து எடையை மாற்றவும், தினமும் தோலைப் பார்க்கவும் வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். பிசியோதெரபிஸ்ட் ஒருவரைக் கூட அழைத்துப் போனால் பாதித் தலைவலி தீரும்.

அப்படியே வீட்டையும் பாருங்கள். 18 அங்குல இருக்கை என்றால், சக்கரத்தோடு சேர்த்து மொத்த அகலம் 25, 26 அங்குலம் வரும். குளியலறைக் கதவு இரண்டடி. லிஃப்ட் இல்லாத ஹவுசிங் போர்டு குடியிருப்பில் மூன்றாவது மாடிக்காரருக்கு நாற்காலி கொடுத்துவிட்டு வந்தால், அது மாடிப்படியடியில் துணி காயப்போடத்தான் உதவும். அவருக்கு முதலில் தேவை கீழ்த்தள வீடு, அதற்கு அலையுங்கள்.

ஆலோசனைக் கூட்டத்தை மாடியில் வைப்பது

வைக்காதீர்கள்.

சாய்தளம் என்ற பெயரில் சறுக்குமரம் கட்டுவது

ஓரடி உயரத்துக்கு 12 அடி நீளம் வேண்டும். மழைத் தண்ணீருக்குப் பயந்து நாம் வாசலை உயர்த்திக்கொண்டே போகிறோம், அதனால் பல இடங்களில் நேராகக் கட்ட இடம் இருக்காது. திருப்பம் வைத்துக் கட்டுங்கள், கைப்பிடியோடு.

எல்லோரும் சக்கர நாற்காலியில் வருவார்கள் என்று நினைப்பது

மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016ஆம் ஆண்டுச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. காது கேளாதவர்கள் வரும் கூட்டத்தில் சைகை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மைக் செட்டுக்கு மட்டும் காசு செலவழிப்பதை என்னவென்று சொல்வது?

மனுவில் கெஞ்சுவது

"கருணை கூர்ந்து" என்று ஆரம்பித்தால் கருணையோடு ஓரமாக வைத்துவிடுவார்கள். சாய்தளம் மாதிரி வசதி கேட்கும்போது, புதுக் கட்டடம் என்றால் அதே சட்டத்தின் 44ஆம் பிரிவு, ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடம் என்றால் 45 என்று எண்ணைப் போட்டு எழுதுங்கள். நகலில் தேதியோடு சீல் வாங்காமல் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள்.