சங்கிலியில் தொடங்கும் விசைப் பாடம்

கட்டடக்கலை முதலாண்டு மாணவர்களுக்கு இயற்பியல் நடத்தும்போது, கரும்பலகையில் சமன்பாட்டை எழுதுவதற்கு முன்பாக, மெல்லிய இரும்புச் சங்கிலி ஒன்றை இரண்டு ஆணிகளுக்கிடையே தொங்கவிட்டு, அதன் வடிவத்தைப் பின்னாலுள்ள தாளில் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். சங்கிலி இழுவிசையை மட்டுமே தாங்கும். தாளைத் தலைகீழாகத் திருப்பினால், அதே கோடு அமுக்கவிசையை மட்டுமே தாங்கி நிற்கும் வளைவாகிவிடுகிறது. இந்த உண்மையை ஆங்கில அறிவியலாளர் ராபர்ட் ஹூக் 1675-ஆம் ஆண்டிலேயே ஓர் எழுத்துப் புதிராக வெளியிட்டார். பார்சிலோனாவுக்கு அருகிலுள்ள கொலோனியா குவெல் தேவாலயத்துக்காக, கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடி கயிறுகளில் ஈயக்குண்டுப் பைகளைக் கட்டித் தொங்கவிட்ட மாதிரியும் இதே கொள்கையில் அமைந்ததுதான்.

அடுத்து, சங்கிலியின் இரு முனைகளையும் இரண்டு மாணவர்கள் பிடித்து இழுக்கட்டும். எவ்வளவு இழுத்தாலும் நடுத்தொய்வு முற்றிலும் மறையாது என்பதையும், தொய்வு குறையக் குறைய இழுப்பு ஏறுவதையும் விரல்களே உணர்த்திவிடும்.

இப்போது கணக்கு வரலாம். வளைவின் அகலம் 4 மீட்டர், உயரம் 1 மீட்டர், சீராகப் பரவிய சுமை மீட்டருக்கு 10 கிலோநியூட்டன் என்று கொண்டால், சுமையை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி உயரத்தின் எட்டு மடங்கால் வகுக்க, பக்கவாட்டு உதைப்பு, அதாவது வளைவின் கால்கள் வெளிப்புறமாகத் தள்ளும் விசை, 20 கிலோநியூட்டன் என வரும்; உயரத்தைப் பாதியாக்கினால் அது 40 ஆகிவிடும். (இந்தக் கணக்கு பரவளைவுக்கு உரியது; சங்கிலி வளைவுக்கும் அதற்கும் உள்ள நுண்ணிய வேறுபாட்டை முதல் வகுப்பில் கிளப்பாமல் இருப்பதே நல்லது.) அட்டை வளைவொன்றை மேசையில் நிறுத்தி மேலே அழுத்தச் சொன்னால், கால்கள் இருபுறமும் வழுக்கி விலகும், பக்கத்துக்கு ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்த பிறகே அது நிற்கும்.