எத்தனை தடவை சுட்டது என்று எண்ணாதீர்கள்

டெக்சாஸில் இருக்கும் என் அக்கா மகன் துப்பாக்கி சுடப் பழகுகிறவன். சுட்ட தோட்டாக்களின் காலிப் பித்தளை உறைகளைப் பொறுக்கி வந்து, மருந்தும் குண்டும் புதிதாக வைத்து மறுபடி சுடுவான். அங்கே அது சகஜம். இங்கே உரிமம் இல்லாமல் தோட்டா தயாரித்தால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். அதனால் நீலகிரி அருவங்காட்டில் உட்கார்ந்து நான் வாயால்தான் சுடுகிறேன். கார்டைட் பேக்டரி என்கிற வெடிமருந்து ஆலை இருக்கிற ஊரில் அது கூட இல்லையென்றால் எப்படி?

போன வாரம் வீடியோ காலில் வந்தான். "மாமா, இது அஞ்சு தடவைதான் சுட்டது, இன்னும் அஞ்சு தாங்கும்." முதல் தவறே இந்தக் கணக்குதான். மிதமான மருந்தில் பத்து தடவை தாங்கும் உறை, அழுத்தம் கூடினால் மூன்றிலேயே போய்விடும். துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை தாராளமாக இருந்தாலும் அப்படித்தான். பழைய 303 ரைபிள் இதற்குப் பேர்போனது.

அப்புறம், குண்டு உட்காரும் வாயை மட்டும் பார்த்து உறையை எடைபோடுவது. தோட்டாப் பித்தளையில் 70 சதம் செம்பு, 30 சதம் துத்தநாகம். விரிந்து சுருங்கி, விரிந்து சுருங்கி அது இறுகிப்போய்க் கழுத்தில் கீறல் விடும். அது கண்ணுக்குத் தெரியும், எடுத்துப் போட்டுவிடலாம். தெரியாத ஆபத்து அடியில் இருக்கிறது. உறை ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நீளும். அந்த உலோகம் அடிக்குச் சற்று மேலே உள்ள சுவரிலிருந்து இழுபட்டு வருவது. 308 என்ற ரகத் தோட்டாவில் உறையின் உச்ச நீளம் 51.18 மில்லிமீட்டர். மிஞ்சியதை வாய்ப்பக்கம் வெட்டினால் நீளம் சரியாகும், மெலிந்த சுவர் மெலிந்தபடியேதான் இருக்கும்.

பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மட்டும் வளைத்து, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலே இழுத்துப் பார்க்கச் சொன்னேன். நாலாவது உறையில் நுனி ஒரு பள்ளத்தில் சிக்கி நின்றது. வெளியே அதே இடத்தில் தலைமுடி அளவுக்கு ஒரு பளபளப்பான வளையம். இப்படிப்பட்டது சுடும்போது இரண்டாகப் பிரிந்து, சூடான வாயு பின்னால் முகத்துக்கு வரலாம். வெறும் வளையம், உறையைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் அழுத்தியதாலும் விழும். கிளிப் சிக்கினால் சந்தேகமே வேண்டாம். மருந்தைப் பற்றவைக்க அடியில் பொருத்தும் புது பிரைமர் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு உட்கார்ந்தாலும் உறையின் கதை முடிந்தது.

பளபளப்பாக்குகிறேன் என்று கெடுப்பவர்களும் உண்டு. குத்துவிளக்கை ராத்திரி முழுக்கப் புளியில் ஊறவிட்டால் சிவந்துபோகுமே, அது துத்தநாகம் கரைந்து செம்பு தெரிவது. உறையையும் புளிப்பில் ஊறவிட்டால் இதே கதி. அம்மோனியா உள்ள பாலிஷ் இன்னும் மோசம். வெள்ளைக்காரன் காலத்தில் மழைக்காலத்துக்குக் குதிரை லாயங்களில் அடுக்கிவைத்த தோட்டாக்கள் தாமாகவே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்து அம்மோனியாதான் காரணம் என்று 1921இல்தான் தெளிவானது.

"சரி மாமா, இந்த நாலாவதை என்ன பண்ண?"

"குறட்டால் வாயை நசுக்கிக் குப்பையில் போடு. அதோடு சேர்ந்து சுட்டதையெல்லாம் கிளிப் விட்டுப் பார்."