முதல் டாட்டூ தமிழ் எழுத்திலா? கடுகு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்

என் இடது மணிக்கட்டில் அம்மாவின் பெயர் இருக்கிறது. கண்ணம்மாள். ஆறு எழுத்தையும் இரண்டு ரூபாய் நாணய அகலத்துக்குள் அடக்கச் சொல்லி அடம்பிடித்தது நான்தான். ஏழு வருடத்தில் ‘ண்ண’ இரண்டும் சுழி அடைத்துத் திட்டாகிவிட்டது. போன வாரம் அலுவலகத்தில் ஒருவர், “இது என்ன, கம்பளிப்பூச்சியா?” என்றார்.

1. முதலில் பேனா

குத்த நினைப்பதை நினைத்த இடத்தில் பேனாவால் எழுதுங்கள். அழிய அழியத் திரும்ப எழுதி, ஒரு மாதம் அதோடு இருந்து பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் பத்தாம் நாளே எழுதுவதை நிறுத்திவிட்டார். நல்லதாகப் போயிற்று.

2. இடம்

முதல் தடவைக்கு முன்கை நல்லது. விலா எலும்பு, கணுக்கால் பக்கம் வலி அதிகம். விரலில் போட்டால் சீக்கிரம் மங்கிவிடும். மத்திய ஆயுதப்படை வேலைக்குப் படிக்கிறீர்களா? அங்கே சல்யூட் அடிக்காத இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கையில்தான் இருக்கலாம். அதுவும் அந்தப் பகுதியில் கால்வாசிக்கும் குறைவாக. என்ன குத்தலாம் என்பதற்கும் விதி உண்டு. அறிவிப்பை வாசித்துவிட்டு முடிவெடுங்கள்.

3. எழுத்தும் அளவும்

மை தங்குவது மேல்தோலுக்கு அடியில் உள்ள அடுக்கில். வருடம் போகப் போக அது கொஞ்சம் பரவும். பாட்டிமார் கையில் பச்சை குத்திய கோலத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் தனித்தனியாக இருந்த புள்ளிகள் இன்று ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். உங்கள் டாட்டூவுக்கும் அதே கதைதான்.

தமிழில் சுழி அதிகம். நான் இப்போது எல்லோருக்கும் சொல்வது கடுகுக் கணக்கு: காகிதத்தில் அசல் அளவில் எழுதி, இருப்பதிலேயே சின்னச் சுழிக்குள் ஒரு கடுகை வையுங்கள். கோட்டில் படாமல் உட்கார்ந்தால் சரி. இல்லையென்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், அல்லது சொல்லைச் சுருக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளியும் எழுத்தை விட்டுத் தள்ளி நிற்கட்டும்.

அப்புறம் கம்ப்யூட்டர் செய்யும் கூத்து. தமிழுக்கான அமைப்பு இல்லாத டிசைன் மென்பொருளில் ‘பொன்னி’ என்று ஒட்டினால், முன்னால் நிற்க வேண்டிய கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும். குத்துபவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாவிட்டால் அது அப்படியே தோலில் ஏறும். அதனால் டைப் செய்ய விடாதீர்கள். கையால் எழுதிக் கொடுங்கள், அல்லது போனில் சரியாகத் தெரிவதைப் படமாகக் கொடுங்கள். அம்மாவின் பெயர் என்றால் அம்மாவையே எழுதச் சொல்லலாம். எனக்கு அது அன்றைக்குத் தோன்றவில்லை.

எழுத்துப்பிழையை வேறு ஒருவர் பார்க்கட்டும். ‘வாழ்க்கை’யில் ‘க்’ விட்டுப்போவது சகஜம்.

4. கடை

புது ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்க வேண்டும். மையைச் சின்னக் கிண்ணத்தில் புதிதாக ஊற்ற வேண்டும். மீதியைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றினால் எழுந்து வந்துவிடுங்கள். திருவிழாக் கூட்டத்தில் ஒரே ஊசியால் வரிசையாகக் குத்தும் இடம் வேண்டவே வேண்டாம். ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி எல்லாம் அந்த வழியில் வரலாம். ஆல்பத்தில் அன்றன்று எடுத்த படத்தைவிட, ஆறி ஒரு வருடம் ஆன டாட்டூவின் படத்தைக் கேளுங்கள். நிறங்களில் சிவப்புதான் அலர்ஜிக்குப் பேர்போனது. முதல் தடவை கறுப்பே போதும்.

5. குத்தும் நாள்

வயிறாரச் சாப்பிட்டுப் போங்கள். குடித்துவிட்டுப் போகக் கூடாது. ஸ்டென்சில் (குத்துவதற்கு முன் தோலில் ஒட்டிப் பதிக்கும் மாதிரி) ஒட்டியதும் எழுந்து, கையைத் தொங்கவிட்டுப் பாருங்கள். படுத்திருக்கும்போது நேராகத் தெரிவது நின்றால் சாயும். ஒவ்வொரு எழுத்தாக, ஒவ்வொரு புள்ளியாக வாய்விட்டு வாசியுங்கள். பிடிக்கவில்லையா, அழித்துத் திரும்ப ஒட்டச் சொல்லுங்கள். மூன்று தடவை ஒட்டினாலும் கூச்சப்பட வேண்டாம்.

6. ஆறும் வரை

மேலே ஆற இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். பொருக்கை உரிக்காதீர்கள். கடல், நீச்சல் குளம், நேர் வெயில் வேண்டாம். வீட்டில் மஞ்சள் அப்பச் சொல்வார்கள், அதுவும் வேண்டாம். சிவப்பு பரவினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் போங்கள், டாட்டூ கடைக்கு அல்ல.

ரத்த தானம் செய்கிறவரா? குத்திய பிறகு ஒரு வருடம் எடுக்க மாட்டார்கள். கொடுத்துவிட்டுப் போய்க் குத்திக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.