கிரீ மக்களின் புனித நெருப்பு: அருகில் போகும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் எட்மன்டனிலோ சஸ்கட்டூனிலோ ஜூன் 21 அன்று பழங்குடிகள் தின விழாவுக்குப் போனால், கூட்டத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு சிறிய நெருப்பு எரிவதைப் பார்க்கலாம். அந்நாட்டுப் பழங்குடிகளில் ஒரு பிரிவினரான கிரீ மக்களின் புனித நெருப்பு அது. பக்கத்தில் விறகோடு ஒருவர் உட்கார்ந்திருப்பார். குளிர்காய மூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்து நேராகப் போய்க் கையை நீட்டுவதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் முதல் தவறு.

அந்த மனிதர் நெருப்புக் காவலர். சடங்கு முடியும்வரை நெருப்பு அணையாமல் பார்ப்பது அவர் ஏற்றுக்கொண்ட கடமை. ஒருவர் இறந்துவிட்டால் பல ஊர்களில் நான்கு நாட்கள், இரவும் பகலும், ஆள் மாற்றி ஆள் இருந்து நெருப்பைக் காப்பார்கள். போனவரின் பயணத்துக்கு அது துணை. ஆகவே கிட்டே போகும் முன் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நீங்களாக விறகு போடுவது, குச்சியால் கிளறுவது, அனுமதியில்லாமல் படம் எடுப்பது, குடித்துவிட்டு வருவது எல்லாம் கூடாது. அதற்காக முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளவும் வேண்டாம். பெரியவர்கள் அங்கே உட்கார்ந்து கிண்டலும் சிரிப்புமாகப் பேசுவது சாதாரணம்.

அடுத்தது, கையில் இருப்பதை உள்ளே எறிவது. கொடுப்பதை முன்னோரிடமும் படைத்தவரிடமும் நெருப்பு கொண்டு சேர்க்கும் என்பது நம்பிக்கை. காபிக் கோப்பையையும் சிகரெட் துண்டையும் அவர்களுக்கு அனுப்ப வேண்டுமா? ஆனால் பழங்குடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் கொடுமைகளை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் தேசிய நிகழ்வுகளில், தப்பிப் பிழைத்தவர்கள் கண்ணீர் துடைத்த காகிதங்களைச் சேகரித்துப் புனித நெருப்பில் இட்டார்கள். காகிதம் என்பதால் மட்டும் குப்பையாகிவிடுவதில்லை, எந்த மனதோடு இடுகிறோம் என்பதுதான் கணக்கு.

வழக்கமாக இடுவது புகையிலை. ஒரு சிட்டிகையைக் கையில் வைத்து, மனதில் உள்ளதை நினைத்து, மெல்ல இடுவார்கள். விருந்து நடந்தால் இறந்தவர்களுக்கென்று ஒரு தட்டு உணவும் நெருப்புக்குப் போகும்.

இதைப் பார்த்ததும் 'ஓ, அக்னி பகவான் மாதிரி' என்று நம்மில் பலர் முடிவுகட்டிவிடுகிறோம். சரி, உவமை கைக்கு எளிதாக வருகிறது, ஆனால் பொருந்தாது. நெருப்பை இங்கே யாரும் தெய்வமாக வைத்துக் கும்பிடுவதில்லை. உயிருள்ள உறவாக மதிக்கிறார்கள். மூடிய குடிலுக்குள் சூடான கற்களின் ஆவியில் அமர்ந்து வேண்டும் வியர்வைக் குடில் சடங்குக்கு நெருப்பில் பழுக்கக் காய்ச்சும் கற்களைக்கூட 'தாத்தாக்கள்' என்றுதான் அழைப்பார்கள். (அங்கே போனால் நெருப்புக்கும் குடிலுக்கும் நடுவே குறுக்கே நடக்காதீர்கள்.)

இன்னொரு அவசர முடிவு மாதவிடாய் பற்றியது. அந்த நாட்களில் பெண்கள் புனித நெருப்பை நெருங்குவதில்லை என்பது பல இடங்களில் வழக்கம். நாம் உடனே 'தீட்டு' என்று புரிந்துகொள்கிறோம். அவர்கள் சொல்லும் காரணமோ நேர் எதிரானது: அப்போது பெண்ணின் சக்தி மிக வலிமையாக இருக்கும், சடங்கின் சக்தியை அது மிஞ்சிவிடும். இந்த வழக்கம் தொடர வேண்டுமா என்று கிரீப் பெண்களே விவாதிக்கிறார்கள். வெளியாட்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

இணையத்தில் கிடைக்கும் 'பழங்குடி நெருப்பு விதிகள்' பட்டியலை மனப்பாடம் செய்வதும் வீண். ஜேம்ஸ் விரிகுடாக் கரையிலிருந்து ராக்கி மலை அடிவாரம்வரை பரந்து வாழும் மக்கள் இவர்கள். புகையிலையை இடது கையால் இடுவதா, பெண்கள் பாவாடை அணிய வேண்டுமா என்பதெல்லாம் ஊருக்கு ஊர் மாறும். கிழக்கே வேட்டைக்காரர்கள் சாப்பிடும் முன் கூடாரத்து நெருப்பில் கொஞ்சம் இறைச்சி இடுவார்கள். விலங்கின் தோள்பட்டை எலும்பை நெருப்பில் காட்டி, அதில் விழும் விரிசலைப் பார்த்து வேட்டைக்குத் திசை அறிந்ததும் உண்டு.

இதையெல்லாம் ஏன் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்று குறைபடுபவர்களும் இருக்கிறார்கள். 1895இல் திருத்தப்பட்ட கனடாவின் இந்தியர் சட்டம் இவர்கள் நீர் அருந்தாமல் ஆடும் தாக நடனம் போன்ற சடங்குகளைக் குற்றமாக்கியது. 1951இல்தான் அந்தத் தடை போனது. ஒளித்து வைத்துக் காப்பாற்றிய ஒன்றை முன்பின் தெரியாதவரிடம் எப்படிக் கொட்டுவார்கள்? அதற்காக, காசு வாங்கிக்கொண்டு சடங்கு நடத்தும் வெளியாட்களிடமும் போகாதீர்கள். 2009இல் அமெரிக்காவின் செடோனாவில் ஒரு சுயமுன்னேற்றப் பயிற்சியாளர் கட்டணம் வாங்கி நடத்திய வியர்வைக் குடிலில் மூன்று பேர் இறந்தார்கள்.

கடைசியாக, புனிதம் என்றால் தொடாமல் தள்ளி வைப்பது என்ற எண்ணம். வடக்கு ஆல்பர்ட்டாவின் கிரீ மக்கள் நெடுங்காலம் நெருப்பை நில வேலைக்கும் பயன்படுத்தினார்கள். 1970களில் மானுடவியலாளர் ஹென்றி லூயிஸ் அங்குள்ள முதியவர்களிடம் கேட்டு இதைப் பதிவுசெய்தார். வசந்தத்தின் தொடக்கத்தில் புல்வெளி காய்ந்திருக்கும், காட்டு நிழலில் பனி இன்னும் கிடக்கும். அப்போது மூட்டினால் நெருப்பு காட்டின் விளிம்பிலேயே அணைந்துவிடும். எரிந்த இடத்தில் இளம்புல் சீக்கிரம் முளைக்கும், அதைத் தேடி விலங்குகள் வரும். அரசின் காட்டுத் தீத் தடுப்பு விதிகள் வந்த பிறகு இந்த வழக்கம் நின்றுபோனது.