பழைய மோரிஸ் மைனரின் ஹெட்லைட்டுக்கு எந்த அளவு ஒயர்?

வீட்டில் எரியும் 60 வாட் பல்பு 230 வோல்ட்டில் கால் ஆம்பியருக்குச் சற்றே கூடுதலாக இழுக்கிறது. அதே 60 வாட் பல்பு காரின் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் இழுக்கும். வீட்டு ஒயரிங் பழக்கத்தில் பழைய காருக்கு ஒயர் வாங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். 1948 முதல் 1971 வரை பிரிட்டனில் தயாரான மோரிஸ் மைனரின் ஹெட்லைட்டை வைத்து இந்தக் கணக்கைப் பார்ப்போம்.

முதலில் வாட்டை வோல்ட்டால் வகுத்து ஆம்பியரைக் கண்டுபிடியுங்கள். 60/55 வாட் (ஹைபீமில், அதாவது தொலைவெளிச்சத்தில் 60, லோபீமில் 55) ஹாலஜன் பல்புகள் இரண்டும் ஹைபீமில் எரிந்தால் 120 வாட், அதாவது 10 ஆம்பியர்.

அடுத்து, ஒயர் போகும் பாதையை அளக்க வேண்டும். பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து முன்பக்கம் திரும்பும் வழி நெடுக ஒரு சணல் கயிற்றை வளைத்து வைத்து, பிறகு அதை நீட்டி அளந்தால் போதும். இங்கே 4 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இனி ஒயர்ச் சுருளில் உள்ள எண்ணைப் படியுங்கள். 14/0.30 என்றால் 0.30 மி.மீ. விட்டமுள்ள 14 செம்பு இழைகள். மொத்தப் பரப்பு 1 சதுர மி.மீ., சாதாரண பிவிசி உறையில் தாங்குவது 8.75 ஆம்பியர். 28/0.30 என்பது 2 சதுர மி.மீ., 17.5 ஆம்பியர். நமக்குத் தேவை இரண்டாவதுதான். உறை மெல்லிய நவீன வகையில் 1 சதுர மி.மீ. ஒயரே 16.5 ஆம்பியர் தாங்கும் என்று கடைக்காரர் சொல்வார். அது உண்மைதான், ஆனால் உறை வெப்பத்தைத் தாங்குகிறது என்பதால் செம்பின் மின்தடை குறைந்துவிடாது. 4 மீட்டர் நீளத்தில் அந்த ஒயர் 10 ஆம்பியருக்கு 0.7 வோல்ட்டைத் தின்றுவிடும், வெளிச்சத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 2 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.35 வோல்ட்தான். பணம் மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல என்பது என் கருத்து.

இடது, வலது எனப் பிரிந்த பிறகு ஒவ்வொரு கிளையிலும் 5 ஆம்பியரே ஓடுவதால் அங்கே 14/0.30 போதுமானது. பல்பிலிருந்து காரின் உடலுக்குப் போகும் எர்த் ஒயரிலும் அதே மின்னோட்டம் திரும்புவதால் அதையும் அதே அளவில் போடுங்கள்.

மைனரில் ஹெட்லைட்டுக்குத் தனி பியூஸ் கிடையாது, நாமேதான் சேர்க்க வேண்டும். பியூஸ் காப்பது பல்பை அல்ல, ஒயரை. ஆகவே ஒயர் தாங்கும் அளவுக்குக் கீழே, ஆனால் பல்பு இழுப்பதற்கு மேலே அதன் மதிப்பு இருக்க வேண்டும். 28/0.30 பகுதிக்கு 15 ஆம்பியர் பொருந்தும். கிளைகளில் ஒயர் மெலிவதால், பிரியும் இடத்தில் ஒவ்வொன்றுக்கும் 7.5 ஆம்பியர் பியூஸ் சேர்த்துவிடுங்கள்.

வேலை முடிந்ததும் ஹைபீமை எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலும் (பழைய மைனர்களில் பாசிட்டிவ்தான் எர்த் என்பதால் அது நெகட்டிவ்), மறுமுனையைப் பல்பின் ஹைபீம் இணைப்பிலும் வைத்துப் பாருங்கள். அரை வோல்ட்டுக்கு வெகுவாக மேலே காட்டினால், ஒயரைக் கழற்றும் முன் சுவிட்சையும் இணைப்புகளையும் ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள்.