கொழும்பில் வெடி கொளுத்தப் போகிறீர்களா? வாங்குவதிலிருந்து கூட்டி அள்ளுவது வரை

தீபாவளி, பொங்கல், சித்திரை வருடப்பிறப்பு, 31ஆம் திகதி இரவு எல்லாவற்றுக்கும் கொழும்பில் வெடிச் சத்தம் கேட்கத்தான் செய்யும். கொளுத்தாதீர்கள் என்று சொல்ல நான் வரவில்லை. சட்டம் எதுவரை நம்மைப் பார்த்துக்கொள்ளும், எங்கிருந்து நாமே பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது பல பேருக்குத் தெளிவில்லை, அதற்காகத்தான் இது.

முதலில் சட்டம். இலங்கையில் பட்டாசும் வெடிபொருள்தான். கல் குவாரிக்கு வெடிமருந்து வாங்குகிறவரைக் கட்டுப்படுத்தும் அதே 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட்கள் சட்டத்துக்குள்தான் நம்முடைய சீனவெடியும் வருகிறது. செய்வதற்கு, இறக்குமதி செய்வதற்கு, சேர்த்து வைப்பதற்கு, விற்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருக்கும் வெடிபொருள் கட்டுப்பாட்டாளர்தான் இதற்கெல்லாம் மேலே. இந்தச் சட்டத்தின் பிடி முக்கியமாகச் செய்கிறவர் மீதும் விற்கிறவர் மீதும்தான். வீட்டுக்கு ஒரு பை வாங்கிப் போகிற உங்களிடம் யாரும் பத்திரம் கேட்பதில்லை. அதனால் கடையை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து கட்டுப்பாட்டாளர் நீங்கள்தான்.

சேர்த்து வைப்பதற்கு ஏன் இவ்வளவு கெடுபிடி என்றால், தனியாக ஒரு வெடி வெடித்தால் விரலோடு போய்விடும், நூறு பெட்டி ஒரே அறைக்குள் பற்றினால் தெருவே போகும். 2000ஆம் ஆண்டு மே மாதம் நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில், வீடுகளுக்கு நடுவில் இருந்த ஒரு வாணவெடிக் களஞ்சியம் வெடித்து 23 பேர் செத்தார்கள், சுற்றியிருந்த குடியிருப்பு தரைமட்டமானது. நம் நாட்டில் பட்டாசுக்குப் பேர்போன கிம்புலாபிட்டியவிலும், நீர்கொழும்புக்குக் கிட்டத்தான் இருக்கிறது, வேலை செய்கிற இடத்தில் வெடித்து ஆட்கள் இறந்திருக்கிறார்கள். செட்டியார் தெருவையோ ஜிந்துப்பிட்டியையோ மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய இடத்தில் ஒருவர் பின்னறையில் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருக்கிறார் என்று தெரிந்தால், "நமக்கென்ன" என்று விட வேண்டாம். 119க்கு அழைத்துச் சொல்லலாம். காட்டிக்கொடுக்கிறோமே என்று தயங்குகிறவர்கள் அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் யார் தூங்குகிறார்கள் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்கும்போது கடையைப் பாருங்கள். பண்டிகைக்கு முதல் வாரம் புறக்கோட்டை நடைபாதையில் கடை போடுகிறவர்கள் நிறையப் பேர், விலையும் குறைவாகத்தான் இருக்கும். "அண்ணா, லைசன்ஸ் இருக்கா?" என்று கேளுங்கள், கேட்பதில் தப்பே இல்லை. இருக்கிறவர் காட்டுவார். இல்லாதவர் கோபப்படுவார், அடுத்த கடைக்குப் போய்விடலாம். பெட்டியில் செய்தவர் பெயர், எப்படிக் கொளுத்துவது என்ற குறிப்பு இருக்க வேண்டும். பத்திரிகைத் தாளில் சுற்றித் தரும் பெயரில்லாத வெடியை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் தொடாதீர்கள். பெட்டியை லேசாகச் சாய்த்துப் பாருங்கள், மூலையில் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டியிருந்தால் மருந்து கசிகிறது, வேண்டாம். திரி நசுங்கியிருந்தாலோ, ஒட்டு விட்டிருந்தாலோ, தாள் ஈரம் பட்டு ஊதியிருந்தாலோ வேண்டாம். யானை விரட்ட வனசீவராசிகள் திணைக்களம் விவசாயிகளுக்குக் கொடுக்கும் யானைவெடி சில நேரம் கைமாறி நகரத்துக்கும் வரும், அது கையைக் கொண்டுபோய்விடும் சாமான், சும்மா கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.

சரி, எவ்வளவு வாங்குவது? அன்றைக்குக் கொளுத்தி முடிக்கக்கூடிய அளவு, அவ்வளவுதான். மிச்சம் வைத்து அடுத்த வருடம் எடுப்போம் என்பது கொழும்புக் காற்றின் ஈரத்துக்கு ஒத்துவராது. ஈரம் பட்டது சில நேரம் வெடிக்காது, சில நேரம் நினையாத நேரத்தில் வெடிக்கும். "வெயிலில் காயவைத்தால் சரியாகிவிடும்" என்று வீட்டுக்கு ஒரு பெரியவர் சொல்வார். அவரோடு வாதாட வேண்டாம், ஆனால் காயவைக்கவும் வேண்டாம். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து உலர்த்துவது பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

கொண்டு வரும்போது ஓட்டோவில் ஏறினால் சாரதியிடம் பையில் என்ன இருக்கிறது என்று சொல்லி, சிகரெட் பற்றவைக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள். நெரிசலான பஸ்ஸிலும் ரயிலிலும் கொண்டு போகாதீர்கள். விமானம் பற்றியும் ஒரு சொல்: சென்னைக்குப் போய் வருகிறவர்கள் சிவகாசிப் பெட்டி ஒன்றைச் சூட்கேசுக்குள் போட்டால் என்ன என்று கேட்கிறார்கள். கைப்பையிலும் முடியாது, கீழே போடும் பொதியிலும் முடியாது, ஒரு பெட்டி மத்தாப்பு என்றாலும் முடியாது.

வீட்டில் எங்கே வைப்பீர்கள்? நம் வீடுகளில் புதுத்துணியோடு வெடிப்பெட்டியையும் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அங்கேதான் குத்துவிளக்கு எரியும், ஊதுபத்தி புகையும், கற்பூரமும் காட்டுவார்கள். உடுப்பை மட்டும் சாமிக்கு வையுங்கள். வெடி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில், அடுப்பும் காஸ் சிலிண்டரும் இல்லாத அறையில், மூடியுள்ள மட்டைப்பெட்டிக்குள் இருக்கட்டும்.

இனி இடம். இந்த ஊரில் பெரிய பிரச்சினையே இதுதான். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்குகிற எந்த ஒழுங்கையை எடுத்தாலும் இரண்டு பக்கமும் வாகனம், மேலே வயர், ஓரத்தில் சமையலறை ஜன்னல், அந்த ஜன்னலுக்குக் கீழே காஸ் சிலிண்டர். ஈர்க்குவாணம் விட அங்கே இடமே இல்லை. தொடர்மாடி பல்கனியிலிருந்து கொளுத்தி எறிவது, மொட்டைமாடியிலிருந்து போத்தலில் வைத்து விடுவது இரண்டும் கூடாது. அது எங்கே போய் விழும் என்பது உங்கள் கையில் இல்லை, மூன்றாம் மாடியில் உடுப்புக் காயப்போட்ட அக்காவுக்கும் அது தெரியாது. கடற்கரைக்குப் போகலாம் என்று நினைத்தால் மெரின் டிரைவுக்கும் கடலுக்கும் நடுவில் ரயில் பாதை ஓடுகிறது. இருட்டில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்டவாளம் தாண்டுவது வெடியை விட ஆபத்து, கடவை உள்ள இடமாகப் பார்த்துப் பெரியவர் ஒருவர் முன்னால் போய்க் கடக்க வேண்டும்.

ஆக, இருக்கிற இடத்தைப் பார்த்துப் பொருளைத் தெரிவு செய்யுங்கள். முற்றமே இல்லாத வீட்டுக்கு மத்தாப்புப் போதும், அதுவும் கீழே இறங்கி. வாகனமில்லாத முற்றம் இருந்தால் பூவாணம், சக்கரம் விடலாம். ஒழுங்கை முனையில் கொஞ்சம் வெளி இருந்தால் ஒரு சரம் சீனவெடி. ஈர்க்குவாணமும் ஆகாயத்தில் போய் விரிகிறவையும் மைதானத்துக்குத்தான். அவற்றைப் பார்க்க ஆசையென்றால் 31ஆம் திகதி இரவு காலிமுகத்திடலுக்குப் போகலாமே, காசும் மிச்சம்.

மத்தாப்பை யாரும் வெடியாகவே கணக்கெடுப்பதில்லை, அதனாலேயே பிள்ளைகளை அதிகம் சுடுவதும் அதுதான். எரிகிற நுனி ஆயிரம் பாகை செல்சியஸ் வரைக்கும் போகும். பொறி அடங்கிய பிறகும் கம்பி கொஞ்ச நேரம் சிவந்திருக்கும், பிறகு கறுக்கும். கறுத்த கம்பிதான் மோசம், ஆறிவிட்டது என்று நினைத்துப் பிள்ளை தொடும், அல்லது கீழே போட்டதைத் தங்கச்சி வெறுங்காலால் மிதிக்கும். எனவே ஒரு வாளி தண்ணீரை நடுவில் வைத்து, முடிந்த ஒவ்வொரு கம்பியும் அதற்குள் போக வேண்டும் என்று விதி போடுங்கள். 'சுர்' என்ற சத்தத்துக்காகவே பிள்ளைகள் ஓடிப்போய்ப் போடுவார்கள். கையை நீட்டிப் பிடிக்கச் சொல்லுங்கள், ஒருவர் குச்சியில் இன்னொருவர் குச்சியை வைத்துப் பற்றவைப்பது வேண்டாம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு பிடிக்கவே வேண்டாம். உடுப்பு பருத்தியாக இருக்கட்டும். நைலோன் தாவணியும் தொங்குகிற சால்வையும் போட்டோ எடுத்து முடிந்ததும் உள்ளே போகட்டும், காலில் சப்பாத்து இருக்கட்டும்.

சீனவெடிச் சரத்தைக் கையில் பிடித்துக் கொளுத்துகிற வீரர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். சரத்தை நீளமாகத் தரையில் விரித்துப் போடுங்கள். நீளமான ஊதுபத்தியாலோ நுளம்புத்திரித் துண்டாலோ, முகத்தைத் திருப்பி, கையை நீட்டி, திரியின் நுனியை மட்டும் தொட்டுவிட்டுப் பின்வாங்குங்கள். தீப்பெட்டியும் லைட்டரும் உங்களைக் குனிய வைக்கும். பேணியாலோ சிரட்டையாலோ வெடியை மூடிப் பெரிய சத்தம் எடுப்பது பையன்களுக்குப் பிடித்த விளையாட்டு. மூடினால் சிரட்டையும் தகரமும் துண்டு துண்டாகப் பறக்கும், போத்தல் என்றால் கண்ணாடி. இதைக் கண்டால் நிறுத்துங்கள், அடுத்த வீட்டுப் பையன் என்றாலும் நிறுத்துங்கள்.

திரி எரிந்து வெடிக்கவில்லையா? யாரும் கிட்டப் போக வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். இருபது நிமிடம் விட்டு, தூர நின்று தண்ணீர் ஊற்றி, பிறகு வாளிக்குள் முழுசாக ஊறப்போடுங்கள். இரண்டாம் தடவை பற்றவைக்கக் கூடாது.

நேரத்தைப் பற்றிக் குழப்பம் வருவது வாட்ஸ்அப்பால்தான். காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று வருகிற செய்தி தமிழ்நாட்டுக்குரியது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் என்று தீர்ப்பளித்தபோது அங்கே அப்படிப் பிரித்துக்கொண்டார்கள். பசுமைப் பட்டாசு என்பதும் அந்த வழக்கோடு வந்த கதைதான், அது புகையைக் குறைக்கும், கையைச் சுடாமல் விடாது. இங்கே, ஒரு வழக்கில் நம் உயர் நீதிமன்றம் 2007இல் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கக் கூடாது என்றது. அது ஒலிபெருக்கிக்குச் சொன்னது, ஆனாலும் வெடிக்கும் அதையே அளவாக வைத்துக்கொள்வது அயலோடு சண்டை வராமல் இருக்க நல்ல வழி. எண்ணெய் வைத்து முழுகிவிட்டு ஐந்து மணிக்கே கொளுத்தத் தோன்றும், ஆறு மணி வரை பொறுங்கள். ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம் பக்கத்தில் எந்த நேரமும் வேண்டாம். நாயை உள்ளறையில் விட்டு ரேடியோவைப் போட்டுவிடுங்கள். அப்புறம், நம் ஆட்களுக்குள் ஷெல் சத்தம் கேட்டு வளர்ந்தவர்கள் எத்தனையோ பேர். பக்கத்து வீட்டில் அப்படி ஒரு அம்மம்மா இருந்தால், "இன்றைக்கு ஆறரைக்குக் கொளுத்துவோம் அம்மா, பத்து நிமிடம்தான்" என்று முதலே சொல்லிவிட்டு வாருங்கள். திடீரென்று கேட்பதுதான் அவர்களைத் தூக்கிப்போடும்.

சுட்டுவிட்டால்: உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் பிடியுங்கள். மோதிரம், காப்பைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு வராது. பற்பசை, வெண்ணெய், ஐஸ், மஞ்சள் எதுவும் பூசாதீர்கள். சுத்தமான துணியால் தளர்வாக மூடிக்கொண்டு போங்கள். கண்ணில் பட்டால் கசக்கக் கூடாது, ஏதாவது குத்தி நின்றால் இழுக்கக் கூடாது. சிறு கோப்பையைக் கவிழ்த்துக் கண்ணில் அழுத்தாமல் மூடி, நேரே தேசிய கண் வைத்தியசாலைக்குப் போங்கள். பிள்ளையின் தீக்காயத்துக்கு பொரளை சீமாட்டி றிட்ஜ்வே, பெரியவர்களுக்குத் தேசிய வைத்தியசாலையின் விபத்துப் பிரிவு. அம்புலன்சுக்கு 1990, தீ பற்றினால் 110. இந்த இரண்டு இலக்கங்களையும் கொளுத்தத் தொடங்கும் முன்பே போனில் போட்டுவையுங்கள்.

கோயில் பரிபாலன சபைக்காரர்களுக்கும் ஒன்று. திருவிழா வாணவேடிக்கை வீட்டு வெடி மாதிரி இல்லை. கேரளத்தில் கொல்லம் பக்கத்துப் புற்றிங்கல் கோயிலில் 2016 ஏப்ரல் 10 விடியப்புறம் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். பறந்த பொறி வெடி அடுக்கியிருந்த கட்டடத்துக்குள் விழுந்ததுதான் காரணம், போட்டி வாணவேடிக்கைக்கு மாவட்ட நிர்வாகம் அனுமதி மறுத்திருந்தது. எனவே அனுமதியுள்ள ஆளிடம் மட்டும் வேலையைக் கொடுங்கள், பத்திரத்தின் பிரதியை வாங்கி வையுங்கள், பொலிஸுக்கும் தீயணைப்புப் பிரிவுக்கும் முன்கூட்டியே எழுத்தில் அறிவியுங்கள், விடுகிற இடமும் மிச்ச வெடி வைக்கிற இடமும் சனம் நிற்கிற இடமும் ஒன்றுக்கொன்று தள்ளி இருக்க வேண்டும். அதற்குக் கோயில் வீதியில் இடமில்லை என்றால், ஐயா, நாதஸ்வரத்தோடு விடுங்கள், சாமி கோபிக்காது.

எல்லாம் முடிந்த பிறகு கூட்டுவதையும் அன்றிரவே செய்துவிடுங்கள். விடிந்ததும் தெருப்பிள்ளைகள் வெடிக்காத வெடி பொறுக்க வருவார்கள், மருந்தைக் கொட்டிச் சேர்த்துப் பற்றவைப்பார்கள். சிவப்புத் தாளையெல்லாம் அள்ளித் தண்ணீரில் ஊறவைத்து, நன்றாக நனைந்த பிறகு பையில் கட்டி மாநகரசபை லொறி வரும்போது கொடுங்கள். குப்பையோடு போட்டு எரிக்க வேண்டாம்.