கனடா குடியேற்றம்: மருந்துச் செலவுக் கணக்கை முன்பே போட்டு வையுங்கள்

முடக்குவாதம் மாதிரி நோய்க்கு விலை கூடிய ஊசி போட்டுக்கொள்பவர்கள், கனடாவுக்கு விண்ணப்பித்தாலே தள்ளிவிடுவார்கள் என்று பயப்படுகிறார்கள். இத்தகைய நோய்களில் குடியேற்ற அதிகாரிகள் பார்ப்பது நோயின் பெயரை அல்ல, உங்கள் சிகிச்சையால் அரசுக்கு ஆகும் செலவு ஒரு வரம்பைத் தாண்டுமா என்பதை. 2024-இல் அந்த வரம்பு ஆண்டுக்கு 26,220 கனடிய டாலர், ஆண்டுதோறும் மாறும்.

அதனால் மருத்துவப் பரிசோதனைக்குப் போகும்முன் உங்கள் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். மருந்தின் மூலப்பெயர், அளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை, நோய் எவ்வளவு கட்டுக்குள் இருக்கிறது, எல்லாம் அதில் இருக்கட்டும். பிராண்டு பெயர் மட்டும் போதாது. அடலிமுமாப் போன்ற ஊசிகளுக்கு விலை குறைந்த பயோசிமிலர், அதாவது அதேபோல வேலை செய்யும் மாற்று மருந்து, உண்டு. அது உங்களுக்கு ஒத்துவரும் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள். கணக்கே மாறிவிடலாம்.

செலவு கூடும் என்று அதிகாரி நினைத்தால் முதலில் விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். பார்த்ததும் பதற்றமாகத்தான் இருக்கும், ஆனால் அது மறுப்பு இல்லை. பதில் தர வழக்கமாக 90 நாள் கிடைக்கும். வக்கீலைப் பிடிக்க அதுதான் சரியான நேரம்.

கணவனோ மனைவியோ ஸ்பான்சர் செய்தால் இந்தச் செலவு வரம்பே பொருந்தாது.

அப்புறம், நோயை மறைக்காதீர்கள். பிடிபட்டால் 5 ஆண்டு தடை.